பட்டாளம் போன பிறகு

2012இல் பெங்களூர் கே.ஆர். மார்க்கெட் அருகே மெட்ரோ ரயிலுக்குப் பள்ளம் தோண்டியபோது இரண்டு பீரங்கிகள் கிடைத்தன. இரும்பு வார்ப்பு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு டன் எடை, கூடவே குண்டுகள். திப்பு சுல்தான் காலத்தவை என்றார்கள். நாளிதழ்கள் படம் போட்டன. கோட்டை இருந்த இடத்தில் பீரங்கி கிடைப்பதில் வியக்க என்ன இருக்கிறது? ஆனாலும் ஊர் வியந்தது. பூவும் கீரையும் வாங்கப் போகிற இடத்துக்கு அடியில் ஒரு போர்க்களம் கிடக்கிறது என்பதை பெங்களூர் எப்போதோ மறந்துவிட்டிருந்தது.

அந்தக் கோட்டையில் இன்று தேறுவது டெல்லி வாசலும் அதை ஒட்டிய கொஞ்சம் மதிலும்தான். 1537இல் கெம்பே கவுடர் மண்ணால் எழுப்பினார். 1761இல் ஹைதர் அலி அதைக் கல்கோட்டையாக்கினார். அப்போது இருந்ததில் இருபதில் ஒரு பங்கு இப்போது இருந்தால் அதிகம். வாசல் வளைவுகளில் பூவேலை, உள்ளே ஒரு பிள்ளையார் கோயில், தொல்லியல் துறையின் பலகை, நிழல் தேடி வந்த கல்லூரிப் பிள்ளைகள். வெளியே பேருந்துக்காரர்களின் கூச்சல் ஓய்வதே இல்லை. மதிலில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். 1791 மார்ச் 21ஆம் தேதி ஆங்கிலேயப் படை இந்த உடைப்பின் வழியாகத்தான் உள்ளே புகுந்தது என்று அது ஆங்கிலத்தில் தெரிவிக்கிறது. உடைத்தவர்கள் வைத்த கல். அன்றிரவு உள்ளே நின்று சண்டையிட்டுச் செத்த கில்லேதார் (கோட்டைத் தலைவர்) பகதூர் கானைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது.

வென்ற பக்கத்தின் நினைவுச்சின்னமும் நிலைக்கவில்லை என்பது வேறு கதை. அந்தப் போரில் இறந்த கம்பெனிப் படையினருக்காக நகரத்தின் நடுவே நின்ற தூணை 1964இல் மாநகராட்சி இடித்தது. தூணின் பெயரால் வழங்கிய செனோடாஃப் சாலை இப்போது நிருபதுங்கா சாலை. இடித்ததைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. எதிரியின் வெற்றித்தூணை எந்த ஊர்தான் எண்ணெய் ஊற்றிப் பாதுகாக்கும்? ஆனால் அதை இடித்த கையோடு பகதூர் கானுக்கு ஒரு கல்லாவது நட்டிருக்கலாம்.

கோட்டைகள் முற்றுகையில் சாவதாகத்தான் கதைகள் சொல்கின்றன. பெரும்பாலானவை வேலை இல்லாமல்தான் செத்தன. 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்புவும் போன பிறகு பெங்களூர்க் கோட்டை யாரை எதிர்த்து நிற்கும்? ஆயுதக் கிடங்காக இருந்தது. 1888இல் சிவில் நிர்வாகத்தின் கைக்கு வந்தது. அதன்பின் மதில் கல்லுக்கும் அகழி மண்ணுக்கும் ஊர் தானே வழி கண்டுகொண்டது. கோட்டை நிலத்தில் விக்டோரியா மருத்துவமனை எழுந்து 1900இல் கர்சன் பிரபு திறந்துவைத்தார். பக்கத்தில் 1935இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான வாணி விலாஸ் வந்தது. கொல்லவந்த படை தங்கிய இடத்தில் பிள்ளை பிறக்கிறது என்று இந்த இடத்தில் நெகிழ்ந்து எழுதத் தோன்றும். நெகிழ ஒன்றும் இல்லை. நகரின் நடுவே காலி நிலம் அங்கேதான் இருந்தது, அவ்வளவுதான்.

படை கைவிட்ட இடங்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்தில் எல்லா வகையிலும் உதாரணம் உண்டு. வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10இல் சிப்பாய்கள் எழுந்தார்கள்; பிற்பாடு அதற்குள் அரசு அலுவலகங்கள் வந்தன, அருங்காட்சியகம் வந்தது, நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்த ஜலகண்டேசுவரர் 1981இல் திரும்பி வந்தார். அதே கோட்டையின் திப்பு மகாலில் ஈழத்து இளைஞர்களை அடைத்து வைத்திருந்தார்கள். 1995இல் அவர்களில் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். இரண்டாம் உலகப்போருக்காகப் போட்ட சோழவரம் ஓடுதளத்தில் போர் முடிந்ததும் மோட்டார் பந்தயம் நடந்தது. இருங்காட்டுக்கோட்டையில் தனித் தளம் வரும்வரை மெட்ராஸ்காரர்களுக்குப் பந்தயம் என்றால் சோழவரம்தான். உளுந்தூர்ப்பேட்டையிலும் செட்டிநாட்டிலும் கயத்தாற்றிலும் அதே போர்க்காலத்து ஓடுதளங்கள் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கின்றன. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் ஆயுதக்கிடங்கு ஒன்று இரட்டை ரயில்பாதைக்கு இடைஞ்சலாக நின்றது. 2017இல் அதை இடிக்காமல் அடியோடு பெயர்த்து, நூறு மீட்டருக்கும் அப்பால் நகர்த்தி வைத்தார்கள். செங்கல் ஒன்று கலையாமல் ஒரு கட்டடம் நடந்து போனது. அந்தக் கட்டடத்துக்குக் கிடைத்த அக்கறை எல்லாருக்கும் கிடைத்ததா என்பதைத்தான் இந்தக் கட்டுரை கேட்க நினைக்கிறது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தை வென்ற படையால் அங்கே தங்க முடியவில்லை. காவிரித் தீவு, கொசு, காய்ச்சல். கம்பெனிக்காரர்கள் குண்டுக்குச் செத்ததைவிடக் காய்ச்சலுக்குச் செத்தது அதிகம் என்று சொல்லும்படி ஆனது. மேட்டு நிலமும் குளிர்ந்த காற்றும் தேடி 1809இல் பெங்களூருக்கு வந்து, பழைய கோட்டையையும் பேட்டையையும் தொடாமல் அல்சூர்ப் பக்கம் கூடாரம் அடித்தார்கள். அதுதான் கன்டோன்மென்ட். கன்னடக்காரர்களுக்கு தண்டு, நம்மவர்களுக்கு கண்டோன்மெண்டு. இதற்கு மதில் கிடையாது, அகழி கிடையாது. பரேடு மைதானம், அதைச் சுற்றிப் பீரங்கிப்படைக்கு ஒரு சாலை, காலாட்படைக்கு ஒரு சாலை, குதிரைப்படைக்கு ஒரு சாலை. அந்தக் குதிரைப்படைச் சாலைதான் இன்றைய காமராஜர் சாலை.

கோட்டைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கோட்டை ஆட்களை வெளியே நிறுத்தப் பார்க்கும். கன்டோன்மென்டுக்கோ வெளியாட்கள் இல்லாமல் ஒரு வேளைச் சோறு இறங்காது. அந்தக் காலத்துப் படை எப்படி நகர்ந்தது என்பதை மறந்துவிட்டால் இது புரியாது. துப்பாக்கி பிடித்தவன் ஒருவன் என்றால், அவன் பின்னால் மாட்டுக்காரர், புல்லறுப்பவர், குதிரைக்காரர், தண்ணீர் சுமப்பவர், சமையற்காரர், வண்ணார், தையற்காரர், செருப்பு தைப்பவர், கசாப்புக்காரர், கடைக்காரர், அவர்கள் குடும்பங்கள் என்று பல மடங்கு கூட்டம் வரும். 1791இல் பெங்களூரைப் பிடித்த ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ் அதே வேகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்து வாசல்வரை போய், பீரங்கி இழுத்த மாடுகள் செத்து விழுந்ததால் பெரிய பீரங்கிகளைத் தன் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். ஒரு சாம்ராஜ்யத்தின் போர்த்திட்டம் மாட்டுத் தீவனத்தில் சிக்கி நின்றது. அடுத்த ஆண்டு அவர் வென்றதற்குத் தானியம் சுமந்த லம்பாடிகளுக்கும் பங்கு உண்டு.

பெங்களூருக்கு வந்த படை மெட்ராஸ் படை. ஆகவே பின்னால் வந்த கூட்டமும் பெரும்பாலும் ஆற்காடு, வேலூர், செங்கல்பட்டு, சேலம் பக்கத்துக் கூட்டம். தமிழ் பேசியவர்கள், தெலுங்கு பேசியவர்கள், உருது பேசிய முஸ்லிம்கள். பேட்டை ஒரு ஊர், கன்டோன்மென்ட் ஒரு ஊர் என்று ஒரே பெயருக்குள் இரண்டு ஊர்கள் வளர்ந்தன. நடுவே 1870இல் கப்பன் பூங்காவைப் போட்டு அந்தப் பிரிவைப் பச்சையாகவும் அழகாகவும் ஆக்கினார்கள். 1881இல் மைசூர் மகாராஜாவுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுத்தபோதுகூட கன்டோன்மென்டைத் தரவில்லை. 1947 ஜூலை கடைசியில்தான் அது கைமாறியது. இரண்டு நகராட்சிகளும் ஒன்றானது 1949இல்.

இந்த இரண்டாவது ஊரின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது நீலசந்திரா.

அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று சுற்றுலாக் கையேடுகள் கருதுகின்றன. பஜார் தெருவில் நுழைந்தால் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று கடையோரம் ஒதுங்க வேண்டும். பத்தடி அகல மனையில் மூன்று மாடி, நான்கு மாடி; மேலே போகப் போகப் பலகணி தெருவின்மேல் நீண்டு, எதிர்வீட்டுக்காரியிடம் கையை நீட்டிக் கறிவேப்பிலை வாங்கலாம் போல வந்து நிற்கும். மசூதியின் பாங்கு, மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி, கிறிஸ்தவ வீட்டு வாசலில் காகித நட்சத்திரம். கறிக்கடைகளில் மாட்டிறைச்சி ஒளிக்காமல் தொங்கும். பேச்சு தமிழில் தொடங்கி உருதுவில் புரண்டு கன்னடத்தில் முடியும்; இடையில் இரண்டு ஆங்கிலச் சொல் விழும். கொஞ்சம் தள்ளி ரோஸ் கார்டன். ரோஜாவும் இல்லை, தோட்டமும் இல்லை. அதைத் தாண்டினால் விவேக்நகரில் குழந்தை இயேசு ஆலயம். வியாழக்கிழமைகளில் கூட்டத்தில் பாதிக்கு மேல் பிற மதத்தார். இன்னும் கிழக்கே நடந்தால் ஒரு நீண்ட சுவர் தொடங்கும். அதற்கப்பால் மரங்கள், வெட்டிய புல், வெள்ளையடித்த கற்கள், ராணுவ நிலம்.

அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற பேட்டைகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே ஒரு படையின் தேவைப்பட்டியல் கிடைத்துவிடும். வண்ணாரப்பேட்டை என்று ஒன்று இருக்கிறது. ஆடுகோடி வழியாகப் போகிற சாலைக்கு லஷ்கர் ஓசூர் சாலை என்று பெயர்; படை நடந்த வழி. ஆடுகோடியிலேயே ராணுவப் பால் பண்ணை இருந்தது. 1923இல் அது விவசாயத் துறைக்கு மாறி ஆராய்ச்சி நிலையமானது. 1927இல் உடல் தேறுவதற்காக பெங்களூரில் தங்கிய காந்தி அங்கே போய் மாடு வளர்ப்புப் பயிற்சி எடுத்துக்கொண்டார். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பால் கறந்த தொழுவத்தில் காந்தி மாணவராக நின்றதை யாராவது நாடகமாக எழுதலாம். நாடெங்கும் இருந்த ராணுவப் பால் பண்ணைகளை 2021 மார்ச் 31இல் அடியோடு மூடிவிட்டார்கள்; முதல் பண்ணை 1889இல் அலகாபாத்தில் தொடங்கியது.

பெங்களூரில் இருந்த வெள்ளைக்கார ராணுவத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் சர்ச்சிலின் 13 ரூபாய் உடனே வந்துவிடும். 1896இல் குதிரைப்படை அதிகாரியாக வந்து, கிளப்பில் 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனார். கிளப் அந்தக் கணக்கேட்டை இன்றும் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிறது. கேட்டுக் கேட்டுச் சலித்த கதை. அதைவிட எனக்குச் சுவையாகத் தெரிவது அவரே தன் இளமைக்கால வரலாற்றில் தந்திருக்கிற வேலைக்காரர் கணக்கு. பங்களாவில் மூன்று அதிகாரிகள். ஆளுக்கு ஒரு பட்லர், உடை எடுத்துத்தர இரண்டு பையன்கள், ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரன். அதற்கு மேல் பொதுவாக இரண்டு தோட்டக்காரர், மூன்று தண்ணீர்க்காரர், நான்கு வண்ணார், ஒரு காவல்காரர். மூன்று இளைஞர்களின் துணி துவைக்க நான்கு பேர்! போலோ ஆடி, கிப்பனும் மெக்காலேயும் படித்து அவர் பிற்காலத்துக்குத் தயாரானார். அந்த நான்கு வண்ணார்களின் பெயரை எந்தக் கண்ணாடிக்குள்ளும் வைக்கவில்லை. அவர்கள் இரவில் எங்கே போய்ப் படுத்திருப்பார்கள்? பங்களாவின் பின்புறக் கொட்டகையில் படுத்திருக்கலாம். அல்லது நீலசந்திரா மாதிரி ஓரத்துக் கிராமங்களில்.

பஜார் தெரு டீக்கடை ஒன்றில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"உங்களுக்குச் சொந்த ஊர் எதுங்க, ஐயா?"

"இதேதான் சார். நீலசந்திரா."

"அதுக்கு முன்னாடி?"

"அப்பாவும் இங்கதான் பொறந்தாரு. தாத்தா ஆற்காட்டுப் பக்கம்னு சொல்வாங்க. எந்த கிராமம்னு கேட்டு வெச்சுக்கல."

"தாத்தா பட்டாளமா?"

"பட்டாளம் இல்ல சார், பட்டாளத்துல. ஆபீசர் வூட்டு குதிரைய பாத்துக்கிட்டாரு."

பட்டாளம் இல்லை, பட்டாளத்தில். பென்ஷன், பதக்கம், நிலம் எல்லாவற்றிலும் அந்தக் கோடு விழுந்துவிடும். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ஆவணம் இருக்கிறது. 1780 செப்டம்பர் 30இல் தொடங்கிய மெட்ராஸ் பயனியர்கள், மைசூர்ப் போர்களில் அகழி வெட்டியவர்கள், ஏணி சுமந்தவர்கள். பிற்பாடு மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆகி அல்சூர்க் கரையில் நிலைகொண்டார்கள். இன்றும் அங்கே இருக்கிறார்கள். ராணுவத்தில் அவர்களைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். 1944இல் இத்தாலியில் வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் விழுந்து தன் ஆட்களைக் காத்து இறந்த சுபேதார் சுப்பிரமணியனுக்கு ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. நியாயமான பெருமை. குதிரைக்குப் புல் வெட்டியவருக்கு எந்த வரலாறும் இல்லை. ஆற்காட்டுப் பக்கம் என்ற இரண்டு சொல்தான் மிச்சம்.

இந்தக் கூட்டத்தை அடிமைச் சேவகர் கூட்டம் என்று ஒதுக்கிவிடுகிற ஒரு பார்வை உண்டு. அவசரப்பட்ட பார்வை. வெள்ளைக்காரன் சமையலறையில் மாட்டிறைச்சி வேகும். பூட்ஸுக்குத் தோல் வேண்டும். சாதிக்காரர்கள் அங்கே வரமாட்டார்கள். போனவர்களில் பலர் பறையர், ஏழை முஸ்லிம்கள், மதம் மாறியவர்கள். பண்ணையார் களத்தில் நெல்லுக்கு நின்றவருக்கு மாதம் பிறந்தால் கூலி காசாகக் கையில் வந்தது. பிள்ளைக்கு மிஷன் பள்ளி. சுரண்டல்தான், ஆனால் சேரியிலிருந்து வெளியே போக இருந்த மிகச் சில கதவுகளில் ஒன்றும் அதுதான். அயோத்திதாசர் தம் பாட்டனார் கந்தப்பன் ஒரு ஆங்கில அதிகாரியிடம் பட்லராக இருந்ததையும், வீட்டிலிருந்த திருக்குறள் ஏடுகளை அந்த அதிகாரி மூலம் தமிழறிஞரான எல்லிஸ் துரையிடம் சேர்த்ததையும் எழுதியிருக்கிறார். குறள் அச்சேறிய வரலாற்றில் ஒரு பட்லரின் கையும் இருக்கிறது. சமையலறையில் நின்றவர்களைப் பற்றி நாம் வைத்திருக்கிற சித்திரத்தை அந்த ஒரு செய்தி கலைத்துப்போட்டுவிடும்.

கதவை மூடியதும் படையேதான். 1880களில் மெட்ராஸ் படைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார். பஞ்சாபி, பட்டாணியன், கூர்க்காதான் வீர இனம் என்ற கொள்கை கொடிகட்டிப் பறந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. பறையர்களைச் சேர்ப்பது நின்றது. இரண்டு தலைமுறை பட்டாளத்தை நம்பிப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்களுக்குத் திரும்பிப் போக நிலமும் இல்லை, சுமுகமான முகமும் இல்லை. 1898இல் பிளேக் வேறு வந்து நெரிசல் பகுதிகளைக் கலைத்தது. 1947இல் துரைமார்களும் கப்பலேறினார்கள். கைவிடப்பட்ட ராணுவத்தளம் என்றதும் புல் முளைத்த மதிலும் வவ்வால் தொங்கும் மண்டபமும் நமக்குத் தோன்றுகின்றன. நீலசந்திரா, ஆஸ்டின் டவுன், அல்சூர், மர்பி டவுன் தெருக்களில் இருப்பதும் அந்தத் தளம் விட்டுப்போனதுதான். அது பெருகிக்கொண்டே இருக்கிறது, வாடகை கொடுக்கிறது, ஓட்டுப் போடுகிறது. அதனால் அது யாருக்கும் சிதிலமாகத் தெரியவில்லை.

எல்லாரும் கீழே விழவில்லை. 1827இல் பிறந்த ஆற்காடு நாராயணசாமி முதலியார் வறுமையிலிருந்து கிளம்பி வணிகராகவும் ஒப்பந்தக்காரராகவும் ஆகி, இன்று உயர்நீதிமன்றம் இருக்கிற அட்டாரா கச்சேரியைக் கட்டி, பள்ளிகளும் தர்மங்களும் வைத்துவிட்டுப் போனார். அப்படிச் சில பெயர்கள் உண்டு. படை போன இடமெல்லாம் மாரியம்மனும் போனாள். சிவாஜி நகரில் தண்டு மாரியம்மன் கோயில், கோவையிலும் அதே பெயரில் ஒரு கோயில். இரண்டு அம்மன்களுமே பாசறையில் வேண்டுதல் கேட்டுப் பழகியவர்கள்.

பட்டாளம் விட்டுப்போனவற்றில் இந்தத் தெருக்கள் மனதார எடுத்துக்கொண்டது பந்துதான். ரெஜிமென்டுகள் மைதானத்தில் கால்பந்து ஆட, வேலிக்கு வெளியே பந்து பொறுக்கிப்போட்ட பையன்கள் வெறுங்காலில் ஆடக் கற்றார்கள். 1948 ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக்ஸ். சுதந்திர இந்தியாவின் அணி பிரான்ஸை எதிர்த்து ஆடியது, பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமல். இரண்டு பெனால்டிகளை வீணடித்து 2–1 என்று தோற்றது. இந்தியாவின் அந்த ஒரே கோலைப் போட்டவர் பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன். ஆஸ்டின் டவுன் மைதானத்தில் இன்றும் சாயங்காலம் போய் நின்றால், பத்து வயதுப் பையன் ஒருவன் புறங்காலால் பந்தைத் தடுத்து, ஒரு நொடி நிறுத்தி, ஓடி வருகிறவனை ஏமாற்றி இடப்பக்கம் தள்ளுவதைப் பார்க்கலாம். ஓரத்தில் நிற்கும் அண்ணன்மார் தமிழில் திட்டுவார்கள், கன்னடத்தில் பாராட்டுவார்கள்.

1991 டிசம்பரில் காவிரி விவகாரத்தில் பெங்களூர் எரிந்தபோது இந்தத் தெருக்காரர்களைப் பார்த்து எழுந்த கூச்சல், உங்கள் ஊருக்குப் போங்கள் என்பதுதான். எந்த ஊருக்கு? ஆற்காட்டுப் பக்கம் என்பது ஒரு விலாசமா? அதே ஆண்டு அல்சூர் ஏரிக்கரையில் வைத்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 வரை 18 ஆண்டுகள் கோணித்துணிக்குள் நின்றது. கந்தப்பனின் ஏட்டிலிருந்து வந்த வள்ளுவர், கந்தப்பனைப் போன்றவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊரில் முகம் மூடி நின்றார். சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலைக்கு இடம் என்று ஒப்பந்தம் ஆன பிறகுதான் துணி விலகியது. கன்னடக்காரர்களின் மனத்தாங்கலிலும் ஒரு பொருள் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தங்கள் தலைநகரில் பாதியை இன்னொருவன் ராணுவம் வந்து பிரித்துப்போட்டு, அந்தப் பாதியில் தங்கள் மொழி பின்வாசலில் நிற்கும்படி ஆக்கியது. கோபம் போக வேண்டிய விலாசம் லண்டன். அந்த ராணுவம் ஏற்கெனவே கப்பலேறிவிட்டதால் கோபம் நீலசந்திராவுக்கு வந்து சேர்ந்தது.

படை வந்ததால் ஊர் விட்டவர்களும் உண்டு. யாழ்ப்பாணக் கோட்டையை டச்சுக்காரர்கள் ஐங்கோணமாகக் கட்டினார்கள். 1990இல் உள்ளே இலங்கை ராணுவமும் வெளியே புலிகளுமாக மாதக்கணக்கில் நடந்த முற்றுகையில் அது நொறுங்கியது. அதற்குள் இருந்த டச்சுத் தேவாலயம் கல்மேடானது. போர் முடிந்தபின் மதில்களைச் செப்பனிட டச்சுக்காரர் பணமே வந்தது. மாலையில் குடும்பங்கள் மதில்மேல் நடந்து கடற்காற்று வாங்குகின்றன. அங்கிருந்து வடக்கே பலாலிப் பக்கம், வலிகாமம் வடக்கில், உயர் பாதுகாப்பு வலயம் என்று எடுத்த வீடுகளும் தோட்டங்களும் பகுதி பகுதியாகத்தான் விடுவிக்கப்பட்டு வருகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் எல்லாம் திரும்பவில்லை. விடுபட்ட காணிக்குள் போனவர்கள் கிணறு இருந்த இடத்தை வைத்து வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முந்நூறு ஆண்டுப் பழைய கோட்டையை மீட்பது சுலபமாகவும், முப்பது ஆண்டுப் பழைய வீட்டை மீட்பது கடினமாகவும் இருக்கிறது.

நம் நாட்டில் இப்போது கன்டோன்மென்டுகளையே கலைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மொத்தம் 62 இருந்தன. 2023 ஏப்ரலில் முதலாவதாக இமாசலப் பிரதேசத்து யோல் போனது. ராணுவம் இருக்கும் பகுதி ராணுவத்தளமாக நீடிக்கும், மக்கள் வசிக்கும் பகுதி பக்கத்து உள்ளாட்சியோடு சேரும் என்பது ஏற்பாடு. தமிழ்நாட்டில் வெலிங்டனும் பரங்கிமலை–பல்லாவரமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இந்தக் கன்டோன்மென்ட் பஜார்களில் இருப்பவர்களும் நீலசந்திராக்காரர்களைப் போலத்தான்: பாட்டன் காலத்தில் படைக்கு ரொட்டி சுட்டவர், துணி தைத்தவர், கடை வைத்தவர். வீட்டுக்கு மேல்மாடி கட்டவே ராணுவ அதிகாரியிடம் மனுப்போட்டு நின்று பழகியவர்கள். கைமாற்றத்துக்கான கோப்புகளில் சாலை, சாக்கடை, தெருவிளக்கு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, யாருடைய நிலம் எத்தனை ஏக்கர் என்றெல்லாம் வரும். பெங்களூர் 1947இல் கைமாறியபோதும் அப்படித்தான் வந்திருக்கும். பல்லாவரத்தில் கேட்டால் அவர்கள் வரலாறு பேசுவதில்லை. வீட்டுவரி எவ்வளவு ஏறும், மாடி கட்ட இனி யார் அனுமதி தருவார்கள், பட்டா கிடைக்குமா கிடைக்காதா என்று கேட்கிறார்கள்.